மாரிசெல்வியின் நாற்பத்தொரு குறிப்புகள்

எங்கள் தொடக்கப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது 2005 ஜூன் மாதம். பள்ளி எம். புதுப்பட்டிக்கு மேற்கே இருக்கிறது. பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி முதலாளி சீனிவாசகம் பழையது ஒன்றை வாங்கிக் கொடுத்தார். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என் பொறுப்பு. ஒரு பெட்டிக்கு முப்பத்தோரு பிள்ளைகள். தினம் மூன்று பேர் என்று முறை போட்டு, முதல் நாள் வீட்டில் நடந்ததை ஆளுக்குப் பத்து நிமிடம் தமிழில் தட்டச்சு செய்யச் சொன்னேன். ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோப்புறை, நாளுக்கு ஒரு கோப்பு.

அதுவரை கட்டுரை நோட்டில் எழுதுவார்கள். நான் சிவப்பு மையில் திருத்தி, கையெழுத்தும் தேதியும் போடுவேன். அந்த வருடம் நோட்டை நிறுத்திவிட்டேன். “தேதி போட வேண்டாமா டீச்சர்?” என்று பிள்ளைகள் கேட்டபோது, “அது தானாப் போட்டுக்கிடும். அதுக்குத்தான் கம்ப்யூட்டரு” என்றேன்.

மாரிசெல்விக்கு விரல் வேகம். மற்றவர்களுடைய முறையையும் பென்சில் கொடுத்து வாங்கிக்கொள்வாள். பதினான்கு மாதத்தில் நாற்பத்தொரு குறிப்பு எழுதியிருந்தாள்.

2006 ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று கம்பெனியில் பதினாலாம் ரூம் வெடித்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அதில் ஒருத்தி மாரிசெல்வியின் அம்மா அய்யம்மாள். மற்ற நால்வரும் அதே தெருக்காரர்கள்.

அய்யம்மாள் தங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்றது கம்பெனி. வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. காயப்போடும் களத்தில் வேலை பார்க்கும் புருஷன் நாகையாவுக்குச் சோறு கொண்டுவந்தவள், அனுமதியில்லாமல் வெடிமருந்து ரூமுக்குள் போனாள், எவர்சில்வர் தூக்குவாளி தரையில் உரசித் தீப்பிடித்தது என்று எழுதிக் கொடுத்தார்கள். போலீசிலும் அப்படியே பதிவானது.

பதினொரு நாள் கழித்துத்தான் மாரிசெல்வி பள்ளிக்கு வந்தாள். சோற்றுத் தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து செழியன் கத்தினான். அவனுடைய சித்தி இறந்த நால்வரில் ஒருத்தி.

“ஏலே, அவகிட்டப் போவாதீகலே! அவ அம்மாதான் தூக்குவாளியக் கொண்டுபோயி எங்க சித்தியக் கொன்னுச்சு.”

அவனை அதட்டி உட்கார வைத்தேன். அன்று மாலை எல்லோரும் போன பிறகு மாரிசெல்வி மேசைக்கு வந்தாள்.

“டீச்சர், நான் எழுதுனதெல்லாம் பெட்டிக்குள்ள இருக்குல்ல?”

“இருக்கு.”

“எங்கம்மா வேலைக்குப் போனத எழுதியிருக்கேன் டீச்சர். அத ஆபீசருகிட்டக் காட்டுனா அம்மா மேல தப்பில்லைன்னு சொல்லுவாகளா?”

இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தோம். எட்டாவது குறிப்பில் இப்படி இருந்தது: ‘அம்மா காலையில் வேனில் போகும். பதினாலாம் ரூமில் மருந்து செலுத்தும். சாயங்காலம் கை கழுவினால் தண்ணீர் சில்வர் கலராகப் போகும்.’ இருபத்தாறாவதில்: ‘அம்மா பேரைக் கம்பெனி நோட்டில் எழுதவில்லை. செக்கிங் வந்தால் போர்மேன் விசில் அடிப்பார். பேர் இல்லாத ஆள்கள் பின்னால் கருவேலங் காட்டுக்கு ஓட வேண்டும். அம்மா காலில் முள் குத்தியது.’

இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். சிவகாசிக்குப் போய் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்தேன். விபத்தை விசாரித்த அதிகாரிக்கு நான்கு பக்க மனு எழுதினேன். எந்தக் குறிப்பு எதைக் காட்டுகிறது என்று எண் போட்டிருந்தேன். மூலத்தையும் கொண்டுவரச் சொல்லிப் பதில் வந்தது.

விசாரணை நாளன்று பெட்டியைப் போர்வையில் சுற்றி, நாகையாவும் நானும் மாரிசெல்வியும் அதிகாரியின் அலுவலகத்துக்கு ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். அலுவலக எழுத்தர் அதைத் தன் திரையில் மாட்டினார். கம்பெனி மேனேஜர் ராஜபாண்டியன் எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

“அண்ணே, அந்த ஃபைலெல்லாம் எந்தத் தேதியில எழுதுனதுன்னு ஒரு தட்டு தட்டுங்க.”

எழுத்தர் தட்டினார். நாற்பத்தொரு கோப்புக்கும் ஒரே தேதி: 2002 ஜனவரி 1.

எங்கள் பள்ளியில் தினமும் மின்சாரத்தை அணைத்துவிட்டுத்தான் பூட்டுவோம். காலையில் பெட்டியைப் போட்டால் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வரும், எஃப் ஒன் என்ற விசையைத் தட்டினால் போய்விடும். பிள்ளைகளே தட்டிவிடுவார்கள். உள்ளே இருந்த சின்ன பேட்டரி வரும்போதே செத்திருக்கிறது, தேதி தினமும் பழையபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது என்று அந்த எழுத்தர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ராஜபாண்டியன் சிரித்தார். “டீச்சர், ரெண்டாயிரத்து ரெண்டுல இந்தப் புள்ளைக்குப் பால்பல்லுகூட விழுந்திருக்காது. அப்பவே இம்புட்டு எழுதியிருக்காளா? கெட்டிக்காரிதான். எங்க மொதலாளி கம்ப்யூட்டரு குடுத்ததே அதுக்கு மூணு வருசம் கழிச்சுத்தானே?”

“பேட்டரி போனதுனால வந்தது சார். பிள்ளை தினம் எழுதினதுதான். நான் சாட்சி.”

“நேத்து ராத்திரி உக்காந்து எழுதுனாலும் இதே தேதிதானே டீச்சர் விழும்?”

அதிகாரி நல்ல மனிதர். குறிப்புகள் முழுவதையும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“நோட்டுல எழுதியிருக்கக் கூடாதாம்மா? பிள்ளையோட கையெழுத்து இருந்திருக்கும். உங்க சிவப்பு மை இருந்திருக்கும். தேதி இருந்திருக்கும். இத நான் எப்படி எடுத்துக்க முடியும்?”

மாரிசெல்வி என்னைப் பார்த்தாள். நான் எழுத்தர் கையிலிருந்த ஒயரைப் பார்த்தேன்.

அடுத்த புதன்கிழமை நாகையா பள்ளிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“கையெழுத்துப் போட்டுட்டேன் டீச்சர். அய்யம்மா சோறுதான் கொண்டுவந்தான்னு.”

“என்ன நாகையா இது?”

“நாலு வீட்டுக்காரவுகளும் வந்து உக்காந்துட்டாக. விடியிற வரைக்கும் எந்திரிக்கல. கேசு முடிஞ்சாத்தான் கம்பெனி அவுகளுக்கு ஏதாச்சும் செய்யுமாம். நான் மறுத்தா கோர்ட்டுக்குப் போயிருமாம், எம்புட்டு வருசமோ. அய்யம்மா பேரப் பாத்தா அந்த நாலு வீட்டுப் புள்ளைக என்ன செய்யும், சொல்லுங்க.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “அந்தப் பெட்டியில இருக்கத அழிச்சிரணுமாம். மேனேஜரு நாளைக்கு ஆள் அனுப்பிப் பாப்பாராம்.”

“நான் அழிக்க மாட்டேன்.”

“நீங்க அழிக்காட்டி எனக்குக் களத்துல வேலை இல்ல டீச்சர். வேற எங்க போவேன்?”

மாரிசெல்வி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தன் பெயருள்ள கோப்புறையைத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் விசையைத் தட்டினாள். நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்றாள். பிறகு குப்பைத்தொட்டியையும் திறந்து காலி செய்தாள். இதையெல்லாம் நான்தான் வரிசையாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு படியைக்கூட அவள் மறக்கவில்லை. அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“போயிருச்சுப்பா” என்றாள்.

நாகையா தலையாட்டிவிட்டு வெளியே போனார். செருப்பைத் தேடி மாட்ட அவருக்கு வெகுநேரம் ஆனது. மாரிசெல்வி தன் இடத்துக்குப் போய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்றைய பட்டியலில் அடுத்த பெயர் செழியனுடையது. அவன் எழுந்து கம்ப்யூட்டர் வரைக்கும் போய் நின்றான்.

“டீச்சர், இப்ப என் முறைதானே?”

“ஆமா” என்றேன். “உக்காரு.”