நடுங்காத கை

எல்லப்பன் மைக்கைப் பிடித்தால் சேரம்பாடிப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் குடிகாரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மாரியம்மன் திருவிழாவில் வருஷா வருஷம் அவர் பேச்சு உண்டு. பேர் சொல்லாமல் திட்டுவார், ஆனால் யாரைத் திட்டுகிறார் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. தேயிலை பேக்டரியில் தொழிலாளர் தலைவர். அப்படிப்பட்ட மனிதரின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. முதுகு வலிக்கு என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் முதுகு வலிக்குத்தான். டீத்தூள் மூட்டை தூக்கியபோது பிடித்துக்கொண்டது. கூடலூர் டாக்டர் ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். வாரம் முடிந்தது, வலி போனது, மாத்திரை மட்டும் போகவில்லை. சீட்டுக் கேட்காத மருந்துக்கடை ஒன்றை அவரே தேடிப் பிடித்தார். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, இப்போது காலையில் அது உள்ளே போனால்தான் கை சொன்ன பேச்சைக் கேட்கும். இதை அவர் போதை என்று நினைத்ததே இல்லை. போதை என்பது அடுத்தவன் செய்வது. தான் சாப்பிடுவது மருந்து.

தேயிலை விலை படுத்தே கிடந்த வருஷங்கள் அவை. பக்கத்து பேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். இங்கேயும் வாரத்தில் பாதி நாள்தான் மெஷின் ஓடியது. அந்தச் சமயம் பார்த்து ஒருவன் கஞ்சா மயக்கத்தில் தேயிலை உருட்டும் ரோலருக்குள் விரலை விட்டுவிட்டான். மேனேஜர் கொர்னேலியஸ் புதுச் சட்டம் போட்டார். மெஷின்காரர்கள் எல்லோரும் பாட்டிலில் மூத்திரம் பிடித்துக் கொடுக்க வேண்டும். போதை தெரிந்தால் முதல் தடவை சம்பளமில்லாமல் ஒரு மாதம் லீவு, குன்னூரில் சிஸ்டர்மார் நடத்தும் ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை, குணமாகி வந்தால் வேலை. மறுபடி மாட்டினால் வேலை கிடையாது. அடுத்தவன் மூத்திரத்தைத் தன்னுடையது என்று கொடுத்தவனுக்கோ முதல் தடவையே வேலை போய்விடும்.

தலைவர் என்ற முறையில் எல்லப்பனும் சம்மதித்தார். "இந்தச் சட்டம் பத்து வருசத்துக்கு முன்னயே வந்திருக்கோணுங்க" என்று கூட்டத்தில் பேசிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார்.

"உங்களுக்கும் ஒரு பாட்டில் குடுக்கட்டுமா தலைவரே?" என்று கொர்னேலியஸ் கேலி செய்தார். "உங்களை டெஸ்ட் பண்ணினா டாக்டர்தான் வெக்கப்படணும்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லப்பனும் சிரித்தார்.

டெஸ்ட் நாளன்று விறகு அடுக்கியிருந்த கொட்டகைக்குப் பின்னால் ரோலர்க்காரன் சுடலைமணி அவரை மறித்தான். கையில் காலி பாட்டில்.

"தலைவரே, கஞ்சாவ நான் விட்டு ஏழெட்டு மாசமாச்சுங்க. எம் பெண்டாட்டி மூக்கம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கறனுங்க. ஆனா பழசு உள்ளயே தங்கிக் கெடந்துச்சுன்னா? ஒரு மாசம் போயிட்டு வந்தா இந்த பேக்டரி இருக்குமோ என்னமோ. உங்களுது கொஞ்சம் குடுங்க. உங்கள மாதிரி சுத்தமான ஆளு இந்த மலையில யாருங்க இருக்கா?"

தப்பு என்றார் எல்லப்பன். சட்டத்தை ஒரு தடவை சொல்லியும் காட்டினார். சுடலைமணி காலில் விழுந்தான். அப்போதும் தட்டிக் கழித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் 'சுத்தமான ஆளு' என்ற சொல் மனுஷனைக் குளிப்பாட்டிவிட்டது. தன்னுடையதில் என்ன இருக்கிறது என்று அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஊர் நம்பியதை அவரும் அவ்வளவு நம்பியிருந்தார். பாட்டிலை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனார்.

அடுத்த வாரம் ரிசல்ட் வந்தது. மாட்டியது ஒரே ஒரு பாட்டில்.

கொர்னேலியஸின் அறையில் விசாரணை நடந்தது. தொழிலாளி பக்கம் பேசுவதற்காக எல்லப்பனுக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். சுடலைமணி நின்றுகொண்டிருந்தான்.

"கஞ்சா இல்லை," என்றார் கொர்னேலியஸ். "வலி மாத்திரை. அளவுக்கு மேல எடுத்திருக்க. எத்தனை நாளா?"

சுடலைமணிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மெதுவாகத் திரும்பி எல்லப்பனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எல்லப்பன் தாங்கியிருப்பார். அவனோ, கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவனைப் போலச் சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"கொஞ்ச நாளாங்க," என்றான்.

"எந்தக் கடையில வாங்கின?"

"கடை... ஞாபகமில்லீங்க."

"மாத்திரை என்ன கலர்?"

"வெள்ளைங்க. வட்டமா இருக்கும்."

சிவப்பும் மஞ்சளுமாக நீளமாக இருக்கும் என்று எல்லப்பனுக்குத் தெரியும். நெஞ்சுக்கு மேலே, பைக்குள், அது அவரைக் குத்திக்கொண்டுதான் இருந்தது. வாயைத் திறந்தால் சுடலைமணிக்கு வேலையே போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது உண்மைதான். ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தது அதற்காக இல்லை. அது அவருக்கே தெரிந்தது.

"தலைவர் என்ன சொல்றீங்க?"

"சட்டப்படி செய்யுங்க," என்றார் எல்லப்பன்.

ஒரு மாதம் என்று தீர்ப்பானது. துணைக்குத் தலைவரே போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வர வேண்டும் என்றார் கொர்னேலியஸ். அன்று சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. குழாயடியில் மூக்கம்மாவைப் பார்த்ததும் பேச்சு நின்றதாம். அவள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் 'மாத்திரைக்காரன் மவன்' என்று கூப்பிட்டார்களாம். எல்லப்பன் வீட்டுத் திண்ணைப்பக்கமே வராமல் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

புறப்படுகிற அன்று பஸ் நிறுத்தத்துக்கு மூக்கம்மாவும் வந்தாள். ஒரு தூக்கில் புளிச்சோறு, அதை எல்லப்பன் கையில்தான் கொடுத்தாள்.

"நீங்க இருந்தங்காட்டி வேலையாச்சும் தப்பிச்சுதுங்கண்ணா. கஞ்சாவ விட்டுட்டேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணிப்போட்டு மாத்திரைய முழுங்கியிருக்கறான் பாருங்க இந்த மனுசன். உங்க காலக் கழுவிக் குடிச்சாலும் புத்தி வராதுங்க இவனுக்கு."

சுடலைமணி தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். எல்லப்பன் தூக்கை வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் செத்துப்போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தார்.

பஸ் கூடலூரைத் தாண்டி ஊட்டி மலை ஏற ஆரம்பித்தது. காலையிலிருந்து எல்லப்பன் மாத்திரை போடவில்லை. பக்கத்தில் சுடலைமணி உட்கார்ந்திருக்கும்போது அந்த அட்டையை எப்படி வெளியே எடுப்பது?

கொஞ்ச தூரம் போனதும் சுடலைமணியே குனிந்து கேட்டான். "தலைவரே, அந்த மாத்திரையப் பத்திக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. ஆஸ்பத்திரில கேப்பாங்கல்ல. மேனேஜர் தொரைகிட்ட உளறுன மாதிரி உளறிப்போட்டா மாட்டிக்குவோம்."

எல்லப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார். என்ன நிறம், எந்தக் கடை. காலையில் போடாவிட்டால் மத்தியானத்துக்குள் வேர்க்கும், குளிரிலும் வேர்க்கும். மூக்கு ஒழுகும். அப்புறம் கை நடுங்கும். திருவிழா மேடைக்கு ஏறுவதற்கு முன்னால் இரண்டு சேர்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மைக் ஆடும். பெண்டாட்டி பார்த்தால் வைட்டமின் என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை அட்டை தீர்ந்துபோய், பேத்திக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி ஒருத்தனிடம் பைக் வாங்கிக்கொண்டு கூடலூர் போனது. எவரிடமும் சொல்லாததை எல்லாம் பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

சுடலைமணி உம் கொட்டிக் கேட்டான். முடித்ததும், "இத்தன பாடா தலைவரே?" என்றான். நிஜமாகவே இரக்கப்பட்டான்.

"ஏன்டா என்னைக் காட்டிக் குடுக்கல?"

"சொன்னா எனக்கு வேல போயிருமுங்க. அதக்கூட விடுங்க. உங்க பேரும் கெட்டுதுன்னா லைன்ல நல்லது சொல்லி எங்களத் திட்டறதுக்கு யாருங்க இருக்கா?"

குன்னூர் வரை எல்லப்பன் புளிச்சோற்றுத் தூக்கை மடியில் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் ஐவி என்று ஒரு கண்டிப்பான அம்மா. இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். திருநீறையும் வெள்ளைச் சட்டையையும் பார்த்து, "நீங்க உட்காருங்க ஐயா," என்றாள். சுடலைமணியைப் பார்த்து, "நீ இப்படி வா," என்றாள்.

கேள்விகளுக்கு அவன் தடங்கலில்லாமல் பதில் சொன்னான். சிவப்பும் மஞ்சளும். காலையில ரெண்டு. குளிர்லயும் வேர்க்குமுங்க. கடைசியாக எப்போது போட்டாய் என்று கேட்டாள். நேற்று ராத்திரி என்றான்.

"சரி, ரெண்டு கையையும் நீட்டு."

நீட்டினான். வருஷக்கணக்காக ரோலர் பிடித்த கை. மேஜைக்கு மேலே அசையாமல் நின்றது. சிஸ்டர் ஐவி கையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். "நேத்து ராத்திரி போட்டவனுக்கு இந்நேரம் நடுங்கணுமே," என்றாள்.

சுடலைமணிக்கு அப்போதுதான் பாடம் ஞாபகம் வந்தது. விரல்களை ஆட்டத் தொடங்கினான். பயந்த பிள்ளை போல, ஒரு கண்ணால் சிஸ்டரைப் பார்த்துக்கொண்டே, இரண்டு கையையும் போட்டு ஆட்டினான். அது நடுக்கம் மாதிரியே இல்லை. நெற்றியில் வேர்வை வரவழைக்க மூச்சையும் அடக்கிப் பார்த்தான்.

எல்லப்பன் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நடுக்கத்தை இன்னொருவன் நடித்துக்கொண்டிருந்தான், அதையும் சரியாக நடிக்கத் தெரியாமல். புளிச்சோற்றுத் தூக்கின் மூடி அவர் மடியில் கடகடவென்று அடித்துக்கொண்டது. சிஸ்டர் ஐவி சத்தம் வந்த பக்கம் திரும்பினாள்.

அவர் தூக்கைக் கீழே வைத்தார். எழுந்து போய், சட்டைப் பையிலிருந்த அட்டையை மேஜைமேல் போட்டார். தன் இரண்டு கைகளையும் சுடலைமணியின் கைகளுக்குப் பக்கத்தில் நீட்டினார். அவை சொல்லிக்கொடுக்காமலே நடுங்கின.

"நீ நிறுத்துடா," என்றார்.

சுடலைமணியின் கைகள் நின்றன.

"ரெண்டு பேரும் சேரறீங்களா?" என்று கேட்டாள் சிஸ்டர் ஐவி.

அவனை அனுப்பிவிடச் சொல்ல அவருக்கு வாய் துடித்தது. சொன்னால் பாட்டில் கதை வெளியே வரும், அவன் வேலை போய்விடும். அவன் இந்த ஒரு மாதத்தை இங்கே இருந்துதான் ஆக வேண்டும். அதை அவரால் திருப்பிக் கொடுக்க முடியாது.

"ஆமாங்க, ரெண்டு பேரும்," என்றார் எல்லப்பன். "எம் பேர பேக்டரிக்கு எழுதிப் போடுங்க. தொழிலாளர் தலைவர்னும் சேத்தே எழுதுங்க."

பக்கத்தில் சுடலைமணி அழுதுகொண்டிருந்தான்.