புளிச்சக்கீரைக்கு ஒரு மதிப்பெண்

1

இந்தக் கதை வளைகுடா நகரொன்றின் சத்வாப் பகுதியில் ஒரு தையற்கடையில் எனக்குக் கிடைத்தது. மகள் வீட்டுக்கு வந்திருந்த நான், கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்துவிட்டு முக்காலியில் காத்திருந்தேன். தையற்காரர் அஸ்கர் அலி ஊசியில் நூல் கோத்தபடியே, எங்கோ ஒரு தொழிலாளர் கேம்ப் அறையில் ஒருவன் பெயின்ட் வாளியில் மண்ணே இல்லாமல் கஞ்சா வளர்த்துப் பிடிபட்டதாகச் சொன்னார். யார், எந்த ஊர் என்று கேட்டேன்.

"அதெல்லாம் தெரியாது சார். பக்கெட்டுல மீன்தொட்டி மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துச்சாம்."

பெயரில்லாத ஒருவன், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மோட்டார். இவ்வளவு கிடைத்தால் எனக்குப் போதும். வீட்டுக்கு வந்ததும் தொடங்கினேன்:

"பேராசை பிடித்த கார்மேகம் என்பவன் ஒருநாள் ஒரு வாளியை வாங்கினான். அந்த வாளியே அவனுடைய—"

வாக்கியம் அப்படியே நிற்கட்டும். முதற்சொல்லிலேயே தீர்ப்பு வந்துவிட்ட கதையில், மற்றச் சொற்களுக்கு என்ன வேலை?

2

மறுபடி தொடங்கினேன்.

கார்மேகம் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். அல் கூஸ் பகுதியில் ஒரு கேம்ப். பதினான்காம் எண் அறை. அறையில் ஆறு பேர். அவனுக்குக் குழாய் வேலை. தண்ணீர் அவன் சொன்ன வழியில் போகும், அவன் சொன்ன இடத்தில் நிற்கும் என்று சைட்டில் அவனுக்குப் பெயர். அவன் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே, ஒரு காலத்தில் பெயின்ட் இருந்த வெள்ளை வாளி. மூடியில் துளைகள், துளைகளில் தேங்காய் நார், நாரைக் கடந்து தண்ணீருக்குள் தொங்கும் வேர்கள். மெல்லிய குழாய் வழியே மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மேலே ஒரு குழல்விளக்கு. வெளியே வெயிலில் இரும்புக் கதவின் பிடியைத் துணி சுற்றித்தான் தொட வேண்டும். உள்ளே, ஏசியின் குளிரில், முழங்கை உயரத்துக்கு ஒரு பச்சை.

(மண்ணில்லாமல் வாழும் வேரையும் பிழைப்புக்கு வந்த மனிதரையும் ஒப்பிட்டு இங்கே ஓர் உவமை எழுதியிருந்தேன். அதற்குள் நீங்களே அதை நினைத்திருப்பீர்கள் என்று தோன்றியதால் அடித்துவிட்டேன்.)

பிறகு இலையை வருணிக்க வேண்டி வந்தது. நான் கஞ்சாச் செடியைக் கண்டவனல்லன். கேள்விப்பட்டதை வைத்து எழுதினேன்: "ஒரே காம்பிலிருந்து விரல் விரலாக விரிந்த இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல்." சரியாக ஒலிக்கிறதா என்று உரக்க வாசித்தும் பார்த்தேன். கூடத்தில் செய்தித்தாளை விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி நீலா, ஓர் இலையைத் தூக்கிக் காட்டினாள்.

"இதைத்தானே சொல்றீங்க?"

அவள் கையில் இருந்தது புளிச்சக்கீரை.*

*தளிராக இருக்கையில் இதன் இலை முழுதாக இருக்கும். வளர வளரத்தான் சில செடிகளில் விரல் பிரியும். கதைக்கு இது தேவைப்படும்.

3

ஆகவே விதைகளை மாரியம்மாள் அனுப்பினாள் என்று மாற்றினேன். கார்மேகத்தின் மனைவி, ஊரிலிருந்து வந்த ஒருவரிடம், மல்லித்தூள் பொட்டலத்தோடு ஒரு சிட்டிகை விதையையும் மடித்துக் கொடுத்திருந்தாள். இனி, நான் ஒதுங்கிக்கொள்கிறேன். கார்மேகத்தின் தோளுக்குப் பின்னால் நின்று பாருங்கள்.

முதல் இலைகள் முழுதாக வந்தபோது அறையில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கடைவதா, துவையலா என்று வாக்குவாதம்கூட நடந்தது. ஆறாம் வாரம் இலைகள் விரல் விரித்தன. வியாழக்கிழமை டியூட்டி முடிந்து வந்த இர்ஷாத், சட்டையைக் கழற்றாமல் வாளிக்கு முன்னால் குந்தினான். கீழக்கரைக்காரன், கார்மேகத்துக்கு மேற்கட்டில். கைபேசியை இலைக்குப் பக்கத்தில் பிடித்து, படத்தையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மச்சான், இது என்ன?"

"கீரைடா. நீதானே துவையல் கேட்ட?"

"போன்ல வேற பேரு காட்டுதே."

இர்ஷாத் கெட்டவனல்லன். பிடிக்க வருபவர்கள் வாளி யாருடையது என்று பார்க்க மாட்டார்கள், அறை யாருடையது என்றுதான் பார்ப்பார்கள் என்பது அவன் பயம். அந்தப் பயம் கைபேசியோடு சேர்ந்து கட்டில் கட்டிலாகப் போயிற்று. கார்மேகம் ஓர் இலையைக் கிள்ளித் தின்று காட்டினான். புளிக்கிறது, வேண்டுமானால் தின்று பாருங்கள் என்று ஆளாளுக்கு நீட்டினான். ஒருவரும் வாங்கவில்லை.

"வளர்த்தவனே தின்னா அது சாட்சியாகுமா மச்சான்?" என்றான் இர்ஷாத்.

கார்மேகத்தின் லீவுக்குப் பத்து நாள் இருந்தது. அவனுக்குப் பானுப்பிரியா என்று ஒரு மகள். பிறந்து பதினோரு மாதம். அவன் அவளை இதுவரை தூக்கியதில்லை. நீட்டிய இலையோடு நின்றவனுக்கு, அந்தப் பத்து நாள் பத்து ஆண்டாகிவிடக்கூடும் என்பது அப்போதுதான் உறைத்தது.

4

கேம்ப் பாஸ் சேதுமாதவன் வந்தார். (அவரிடம் யார் சொன்னார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த ஆறு பேரும் இனியும் ஒரே அறையில் உறங்க வேண்டியிருக்கிறது.) பாலக்காட்டுக்காரர்; கையில் எப்போதும் அறைச் சாவிக்கொத்து. எதிர்க்கட்டிலில் உட்கார்ந்து, செடியைக் கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"எடா கார்மேகம், நான் போலீசுக்கு ஃபோன் செய்யணும். செய்யாம இருந்தா என் வேலை போகும். தெரியுமில்லே?"

பூத்தால் தெரிந்துவிடும், வெண்டைப் பூப் போல மஞ்சளாகப் பூக்கும் என்று கார்மேகம் சொன்னான்.

"பூ வர்ற வரைக்கும் நான் இதை எங்கே ஒளிச்சு வைக்கும்?"

இந்த இடத்தில் எனக்கு இரண்டு முடிவுகள் கிடைத்தன. இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் சேதுமாதவன் அழைக்கிறார். வாளியோடு கார்மேகத்தையும் கொண்டுபோகிறார்கள். இலை சோதனைக்குப் போகிறது. கீரை என்று ஒருநாள் காகிதம் வரும். அதற்குள் விமானம் போயிருக்கும், வேலையும் போயிருக்கும். குழந்தை நடக்கத் தொடங்கியிருப்பாள். எழுதி முடித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவதில் கார்மேகமே செடியைப் பிடுங்கி நறுக்கிக் கழிவறையில் கொட்டிவிடுகிறான். யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் அன்றுமுதல் அறையில் அவன் கஞ்சாக்காரன். குற்றமில்லை என்று சொல்லத் தெரிந்த ஒரே சாட்சியை அவனே கொன்றுவிட்டான். எழுதும்போதோ, பிடுங்கத்தான் குனிந்தான், குமிழிச் சத்தம் கேட்டது, நிமிர்ந்துவிட்டான். நான் எவ்வளவு தள்ளியும் அவன் கை காம்பைப் பற்றவில்லை.

5

இதுவரை எழுதியதை நீலா படித்தாள்.

"அஸ்கர் அலி சொன்ன ஆளு நெஜமாவே கஞ்சா வளர்த்திருந்தா?"

வளர்த்திருக்கலாம் என்றேன்.

"அப்ப பழையபடி மார்க் போட்டுட்டீங்க."

அவள் சொன்னது விளங்காதவர்களுக்காக: முப்பத்திரண்டு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். தேர்ச்சிக்கு ஒன்று குறைய முப்பத்து நான்கில் நின்றவனைக் கண்டால், எங்கேனும் அரைகுறையாக ஒரு சரியான சொல் கிடக்கிறதா என்று தாளைத் திரும்பத் திரும்பப் புரட்டுவேன், பெரும்பாலும் கிடைத்துவிடும். கார்மேகத்தின் தாளிலும் அப்படித்தான் கீரையைக் கண்டெடுத்தேனா? ஒரு குற்றவாளிக்குப் புளிப்பைத் தடவிக் கரையேற்றப் பார்க்கிறேனா?

உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது நான் நீதிக்கதை எழுதுவது வழக்கம். எழுதினேன்: ஒரே முகமுள்ள இரண்டு செடிகள் பாலையில் நின்றன. ஒன்று நஞ்சு, ஒன்று உணவு. நரி வந்து பார்த்து, இரண்டும் நஞ்சு என்றது. ஆடு வந்து, இரண்டும் உணவு என்றது. ஒட்டகம் மட்டும், "நான் முகத்தைப் பார்த்து எதையும் தின்பதுமில்லை, தள்ளுவதுமில்லை" என்று சொல்லி, நாக்கை நீட்டி—

கதையை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தேன். ஒட்டகம் பதினான்காம் அறையில் உட்கார்ந்திருக்கிறது என்பது புரிந்துவிட்டது. வளர்த்தவன் தின்றால் சாட்சியில்லை. சந்தேகப்படுகிறவன் தின்றால்?

6

சேதுமாதவன் எண்ணை அழுத்தப் போன விரலை நிறுத்தினார். கார்மேகத்தைப் பார்த்தார். அவன் இன்னும் அந்த இலையை நீட்டியபடிதான் நின்றிருந்தான், அது வாடிவிட்டிருந்தது.

"அது வேண்டாம். நீ கொடுக்கறது வேண்டாம். நான் எடுக்கறேன்."

கைபேசியைக் கட்டிலின்மேல் கவிழ்த்து வைத்தார். அறையில் குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது. குனிந்து, நுனியிலிருந்து அவரே ஓர் இலையைக் கிள்ளினார். மேற்கட்டிலிலிருந்து இர்ஷாத் இறங்கி வந்து, தானும் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டான். இதை நான் எழுதத் திட்டமிட்டிருக்கவில்லை. இருவரும் வாயில் போட்டுக் கடைவாய்ப் பல்லுக்குக் கீழே தள்ளி, மெல்ல—

நான் பேனாவை மூடிவிட்டேன். மூடாவிட்டால் என் கை என்ன செய்யும் என்பது நீலாவுக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். தாளில் முப்பத்து நான்கு என்றுதான் இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த இலை பல்லில் பட்டபோது, வாசித்துக்கொண்டிருந்த உங்கள் நாவின் ஓரத்தில் சற்றே நீர் சுரந்ததா?

சுரந்திருந்தால், அந்த ஒரு மதிப்பெண்ணைப் போட்டது நான் இல்லை.