தெனோர் சாப்பிடவில்லை

ஞானேஸ்வரன் செத்துப்போன மூன்றாம் நாள்தான், நாய் சாப்பிடவில்லை என்பது ஜெயகௌரியின் கண்ணில் பட்டது. புருஷனைப் பறிகொடுத்த வீட்டில் நாயின் வயிற்றை யார் பார்ப்பார்கள்? அவளுக்கே அன்றுதான் யாரோ வலுக்கட்டாயமாக இரண்டு வாய் இடியப்பம் ஊட்டியிருந்தார்கள்.

தெனோர் மடியில் வைத்துக் கொஞ்சும் நாய் இல்லை. பிரான்சில் மான் வேட்டைக்குக் கூட்டமாக ஓடவிடும் மோப்ப நாய். பொய்த்தவின் என்று சாதிப் பெயர். எழுந்து நின்றால் அவளுடைய இடுப்புக்கு வரும். குரலெடுத்தால் லண்டனில் அவர்கள் இருந்த கிங்ஸ்பரி முழுக்கக் கேட்கும். ஞானேஸ்வரன் பிரான்சில் ஒரு பண்ணையில் பதினெட்டு வருடம் இப்படி எழுபது நாய்களுக்குச் சாப்பாடு போட்ட மனிதர். பிள்ளைகளின் இங்கிலிஷ் படிப்புக்காகக் குடும்பம் லண்டனுக்கு வந்த பிறகும் அவருடைய மனம் அங்கேதான் கிடந்தது. கால் தளர்ந்துவிட்டது என்று பண்ணை கழித்துவிட்ட தெனோரை நான்கு வருடத்துக்கு முன் போய்க் கூட்டிவந்து, பின்வளவு ஷெட்டில் குடிவைத்தார்.

நாய் வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஜெயகௌரி சட்டம் போட்டாள். அது அவளுடைய இரண்டாவது சட்டம். முதலாவது, வீட்டுக்குள் ஒருவரும் பிரெஞ்சு பேசக்கூடாது என்பது; பிள்ளைகளின் இங்கிலிஷ் கெட்டுவிடுமாம். மனிதர் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, விடியற்காலையில் ஷெட்டுக்குப் போய் நாயோடு ஆசைதீரப் பிரெஞ்சு பேசினார். அங்கே என்ன நடக்கிறது என்று அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

இப்போது அவளே தெனோரை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். செத்த வீட்டில் மச்சமா என்று மச்சாள் குமுதினி முகத்தைச் சுளித்ததையும் பொருட்படுத்தாமல் கோழி அவித்துச் சோற்றில் பிசைந்து வைத்தாள். சட்டிக்கு முன்னால் குந்தியிருந்து, சாப்பிடடா ராசா என்று கெஞ்சினாள். நாய் சட்டியைப் பார்த்தது. அவளுடைய முகத்தைப் பார்த்தது. கடைவாயில் எச்சில் நூலாக வடிந்தது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டது.

துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் நாயையும் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் படமெடுத்தார்கள், ஒருவர் கும்பிடவே செய்தார். சட்டனிலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணன் விஜயரத்தினம், ஐந்தறிவுச் சீவன் எசமானுக்காக விரதம் இருக்கிறது என்று எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். மிருக வைத்தியரும் கவலைதான் காரணம் என்றார். ஊசி போட்டு அனுப்பினார். உண்மையைச் சொன்னால், ஜெயகௌரிக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆனால் பயம் அதைவிடப் பெரிது. இதுவும் போய்விட்டால் அவர் இரண்டாம் தரம் செத்த மாதிரி.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று மத்தியானம், படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்த கறிகளெல்லாம் படைத்து முடித்த நேரம், பிரான்சிலிருந்து போன் வந்தது. பண்ணையில் அவரோடு வேலை செய்த மிஷேல். ஜெயகௌரி தட்டுத் தடுமாறிப் பிரெஞ்சில் பேசினாள். நாய் எட்டு நாளாகப் பட்டினி கிடப்பதைச் சொன்னாள்.  மிஷேல், அதற்கு யாராவது உத்தரவு கொடுத்தீர்களா என்று கேட்டார்.

அந்தப் பண்ணையின் முறை அப்படியாம். சாப்பாடு வைப்பவர் தொட்டிக்கு முன்னால் நிற்பார். அவர் விலகி நின்று "அலே" என்று சொல்லும்வரை எழுபது நாயில் ஒன்றும் வாய்வைக்காது. ஆள் முன்னால் இருந்தால் தொடக்கூடாது என்று பொருள். தெனோரைக் குட்டியிலேயே அப்படிப் பழக்கியது ஞானேஸ்வரன்தான். கையளவு கையளவாகக் கொடுங்கள், அவசரப்படாதீர்கள் என்றும் மிஷேல் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் போனை வைத்துவிட்டு ஓடினாள்.

சட்டியை வைத்து, விலகி நின்று, "அலே" என்றாள்.

தெனோர் நடுங்கிக்கொண்டே எழுந்தது. சோறு நொடியில் காலியானது. ஜெயகௌரி வாய்விட்டு அழுதாள். வெறும் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற கை அவளுக்கு இல்லை. வந்தவர் போதும் போதும் என்று கையால் மறைத்தாலும் விரல் இடுக்கால் ஒரு கரண்டி வைக்கிறவள். இரண்டாவது சட்டி வைத்தாள். மூன்றாவது வைத்தாள். நான்காவதுக்கு நாய் பின்வாங்கி அவளைப் பார்த்தது. அவள் விலகி நின்று மறுபடியும் சொன்னாள். அது வந்து சாப்பிட்டது.

ஒரு மணித்தியாலத்தில் வயிறு ஊதிக் கல்லாகிவிட்டது. மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினாள். நெஞ்சு ஆழமான இந்தப் பெரிய நாய்கள் அவசர அவசரமாகச் சாப்பிட்டால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் என்று வைத்தியர் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேசையில் அதன் உயிர் போனது.

வீட்டுக்கு வந்தபோது முன்னறையில் ஆட்கள் இன்னும் இருந்தார்கள். விஜயரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எட்டாம் நாளே எசமானைத் தேடிப் போய்விட்டது, இப்படி ஒரு பாசம் மனிசரிடமும் இல்லை என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை," என்றாள் ஜெயகௌரி. "அது எட்டு நாளும் பசியோடைதான் கிடந்தது. நான் உத்தரவு குடுக்குமட்டும் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தது. கடைசிச் சட்டி அதுக்கு ஏலாமல் இருந்தது. நான் சொன்னபடியால் திண்டது."