அக்கா எழுதாத சுரம்

அக்கா பியானோவுக்கு எழுதிய இசை அது. அதை ஐந்து ஊதுகருவிகளுக்கு மாற்றி எழுதியவன் தம்பி. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டோம் என்பது ஒப்புக்கொண்ட அன்றே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் எழுதி முடித்தாயிற்று. நாளை மேடையேற வேண்டும். அதற்கு அவள் சரியென்று சொல்ல வேண்டும்.

ஒத்திகை அறையில் ஐவரும் அரைவட்டமாக உட்கார்ந்து வாசித்தார்கள். தம்பி கிளாரினெட், அக்காவின் கணவரான அத்தான் ஓபோ. அக்கா கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் கதவோரம் நின்று கேட்டாள்.

வில்லங்கம் கடைசிப் பகுதியில் இருந்தது. பியானோவில் பெடலை மிதித்துவிட்டால் போதும், கையை எடுத்த பிறகும் சுரம் தானாகத் தேய்ந்து அடங்கும். கிளாரினெட்டில் அந்தத் தேய்வையும் ஊதித்தான் ஆக வேண்டும்; நடுவில் மூச்சு முட்டும். அதனால், அவன் மூச்சு வாங்கும் இடத்தில் ஓபோவுக்கு மெல்லிய சுரம் ஒன்றை எழுதி இடைவெளியை மூடியிருந்தான். யாருக்கும் தெரியாது என்று நினைத்தான். ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தும், அது ஒட்டாகத் தெரிகிறதா இல்லையா என்பதில் தன் காதை அவனால் நம்ப முடியவில்லை.

அந்த இடம் வந்ததும் அக்கா கைதட்டி நிறுத்தினாள்.

"அந்த ஓபோ சுரம் யார் எழுதினது?"

அத்தான் சீவாளியைக் கழற்றி மும்முரமாகத் துடைக்க ஆரம்பித்தார். இரவு அதே வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர் அவர்.

தம்பி காரணத்தைச் சொன்னான். அவன் முடிக்கும் முன்பே அக்கா குறுக்கிட்டாள்.

"சின்ன வயசுல நான் வரைஞ்ச படத்துக்கெல்லாம் மீசை போட்டவன்தானேடா நீ."

மூச்சு விடவும் அக்காவிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று ஐவரில் பசூன் ஊதுகிறவர் பொதுவாகக் கேட்டு வைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

"அதை எடுத்தா அங்க ஓட்டை விழும் அக்கா."

"விழட்டும். அது என் ஓட்டை. நீ ஒட்டுப்போட வேண்டாம். எடுத்துட்டா நாளைக்கு வாசிங்க, இல்லேன்னா மூட்டை கட்டுங்க."

தம்பி ரப்பரால் அந்தச் சுரத்தை அழித்தான். மறுபடி வாசித்தார்கள். அந்த இடத்தில் இசை அறுந்து, அவன் மூச்சிழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அக்காவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அத்தான் குனிந்து கிசுகிசுத்தார். "நாளைக்கு மூச்சை மெதுவா இழுத்துக்கோ மாப்ள. கேக்காது."

"கேக்கட்டும் அத்தான்," என்றான் தம்பி, கிளாரினெட்டைக் கழற்றிக்கொண்டே. "கடைசி வரிசை வரைக்கும் கேக்கட்டும்."