சிமெண்ட் பட்ட கால்

ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்கு, இயேசுவின் சீடர்களாக உட்காரும் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் கோயிலுக்கு வருவார்கள். அழுக்கில்லாத காலைக் கழுவுவதுதான் எங்கள் பங்குக் கோயிலில் வழக்கம். இந்த வருடம் நான் மட்டும் திருவானைக்காவலில் சித்தாள் வேலையை முடித்துவிட்டு, சிமெண்ட் காலோடு நேரே பஸ் ஏறி வந்து உட்கார்ந்தேன். வேண்டுமென்றேதான்.

என் புருஷன் தர்மராஜ் கொத்தனார். போன வருடம் கே.கே. நகரில் காண்ட்ராக்டர் பிராங்க்ளின் கட்டிய வீட்டில், மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து செத்தார். சாரம் ஏறுமுன் பாதுகாப்பு பெல்ட் கேட்டார். "அரை மணி நேர வேலைக்கு பெல்ட் எதுக்குப்பா" என்றார் பிராங்க்ளின். பக்கத்தில் நின்று கேட்டவள் நான். போலீசிடம் அவர் சொன்னதோ, தர்மராஜ் குடித்திருந்தார் என்று. சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனுஷனை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த அதே நாக்கு, ஞாயிறு தவறாமல் பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறது.

பெரிய வியாழனுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. பிராங்க்ளின் பங்குப் பேரவைத் துணைத்தலைவர். அதனால் பங்குச் சாமியாரே என் வீடு தேடி வந்தார்.

"அன்புதாம்மா பெரிசு, சலேத்து. பெரிய வியாழன் அன்னிக்கு அவரே உன் காலைக் கழுவட்டும். நீயும் மன்னிச்சு, கேஸை விட்டுடு."

"மன்னிக்கிறது என் வேலை ஃபாதர், செஞ்சிடறேன். அந்தப் பொய்யை யாரு திருத்துறது?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "காலைக் கழுவிக்க வரேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

பிராங்க்ளின் செம்போடு என் முன்னால் மண்டியிட்டார். காலைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. சாமியார் மைக்கோடு பக்கத்தில் நின்றார்.

"மன்னிச்சிட்டேண்ணே. அவரு குடிக்கலைன்னு இந்த மைக்குல ஒரு தடவை சொல்லிட்டுக் கழுவுங்க."

பாடகர் குழுவின் பாட்டு நின்றது. பிராங்க்ளின் சாமியாரைப் பார்த்தார். சாமியார் மைக்கை அணைத்தார்.

"இங்க வேண்டாம்மா" என்றார் பிராங்க்ளின், மெதுவாக.

"இங்க வச்சுத்தானே என்னை மன்னிக்கச் சொன்னீங்க."

அவர் செம்பைச் சாய்த்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன். தண்ணீர் வெறும் தாம்பாளத்தில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில், குழாயடியில் நானே காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு கோர்ட்டுக்கு பஸ் ஏறினேன்.