பின்பக்கப் பொத்தான்

கனடாவின் வடகோடியில், இக்லூலிக் ஊர்க் கூட்டுறவுக் கடையில் பனிவண்டிக்கு பெல்ட் கேட்டு வருகிறவர்களிடம் ஆப்பியா முதலில் கேட்பது ஒன்றுதான். "எந்த வருஷத்து வண்டி?" பதில் தெரியாதவர்களை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாள். அவர்கள் வண்டிக்கு அடியில் படுத்து, துருவைச் சுரண்டி, எண்ணை எழுதிக்கொண்டு வந்தால்தான் பெல்ட். உதிரிபாகப் பிரிவில் அவள் உட்கார்ந்த நான்கு வருடங்களில் பொருந்தாத சாமான் ஒன்றுகூட ஊருக்கு வந்து இறங்கியதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை கப்பல் வருகிற ஊரில் அது சின்ன விஷயமில்லை.

அதனால்தான் ஊர்ப் படக்குழுவுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று வந்தபோது, குழுவில் இருந்த சைமனி நேரே அவளிடம் போனார்.

"அம்மா, படம் வெட்டி ஒட்ட ஒரு கம்ப்யூட்டர் வேணும். பாகம் பாகமா வாங்கி நாமளே பூட்டுற மாதிரி. நீ பாத்துச் சொல்லு."

சைமனிக்கு ஐம்பத்தாறு வயது. ஆப்பியா அவருடைய தங்கை மகள், இருபத்திரண்டு வயது. அவருடைய தாயாரின் பெயரை அவளுக்கு வைத்திருந்தார்கள். ஆகவே அவருக்கு அவள் அம்மா. அவளுக்கு அவர் மகன். ஊரில் இதை யாரும் வேடிக்கையாக நினைப்பதில்லை.

"எனக்கு கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாது மகனே."

"பனிவண்டி ஓட்டவுந்தான் உனக்குத் தெரியாது."

அவள் சிரித்தாள். பிறகு புருவத்தை உயர்த்தினாள். சரி என்று வாயால் சொல்லக் கூச்சப்படும்போது அவள் புருவம்தான் பேசும்.

சைமனியின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. முந்தின வருடம் அவர்கள் எடுத்த வால்ரஸ் என்னும் தந்தமுள்ள கடல்விலங்கின் வேட்டைப் படத்தை மாண்ட்ரியலில் யாரோ வெட்டி ஒட்டி அனுப்பியிருந்தார்கள். ஊர் மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். மிதக்கும் பனிப்பாளத்தின் மேல் ஆண்கள் தேநீர் குடித்தபடி காத்திருந்தது போயே போய்விட்டது. பெண்கள் இறைச்சியைச் சேமிக்க அதன் தோலுக்குள் வைத்துத் தைத்ததும் காணோம். துப்பாக்கியும் ரத்தமும் மட்டும் மிஞ்சியிருந்தன. "அப்ப இறைச்சி தானா நடந்து வீட்டுக்கு வந்துச்சா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. சைமனி அன்று கடைசி வரை தலை நிமிரவில்லை. கேமரா பிடித்தது அவர்தான்.

இந்த வருடப் படத்தை இங்கேயே வெட்ட வேண்டும். கப்பல் வந்த வாரத்தின் வெள்ளிக்கிழமைக்குள் கம்ப்யூட்டர் ஓடாவிட்டால், படம் இருக்கும் ஹார்டு டிஸ்க்குகள் அன்றைய விமானத்தில் மாண்ட்ரியலுக்குப் போகும். படக்குழுவில் அப்படித்தான் முடிவாகியிருந்தது.

ஆப்பியா மூன்று வாரம் படித்தாள். இரண்டாம் நாளே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இதுவும் பெல்ட் கதைதான். பிராசஸர் உட்காரும் குழிக்கு ஓர் எண் இருந்தது. மதர்போர்டில் அதே எண் இருக்க வேண்டும். மெமரி எந்தத் தலைமுறை என்பதைப் போர்டுதான் தீர்மானித்தது. கிராபிக்ஸ் கார்டு கேபினட்டுக்குள் நீளவாக்கில் அடங்குமா என்று சைமனியின் அளவு டேப்பை விரித்து வைத்துப் பார்த்தாள். எல்லாம் சேர்ந்து எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று கூட்டி, அதற்கு மேலே கொஞ்சம் தாராளமாக பவர் சப்ளையைத் தேர்ந்தெடுத்தாள்.

பட்டியலைப் பார்த்து லூக்காசிதான் முதலில் வாயைத் திறந்தான். படக்குழுவில் ஒலிப்பதிவு அவன் வேலை. அடுத்தவர் காலை வாருவது அதற்கு மேல்.

"இந்த போர்டும் அந்த போர்டும் ஒண்ணுதானே. இதுக்கு மட்டும் ஏன் விலை கூட?"

"பின்னாடி ஒரு பொத்தான் இருக்கு" என்றாள் ஆப்பியா, தரையைப் பார்த்து.

"பொத்தானா? சட்டை முழுக்கப் பொத்தான் வச்சாக்கூட எனக்கு இவ்வளவு ஆகாது. அதை விட்டுட்டு கலர் விளக்கு எரியிற கேபினட் வாங்கலாம்."

அவள் மூக்கைச் சுருக்கினாள். வேண்டாம் என்று அர்த்தம். ஏன் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அதன் பிறகு லூக்காசி இரண்டு மாதம் அவளைப் பொத்தான்காரி என்று கூப்பிட்டான்.

செப்டம்பர் முதல் வாரத்தில் கப்பல் விரிகுடாவில் நங்கூரம் போட்டது. பெட்டிகள் கரைக்கு வந்தன. செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த படக்குழு அறையில் ஆப்பியா பூட்ட ஆரம்பித்தாள். பிராசஸர் சத்தமில்லாமல் குழியில் உட்கார்ந்தது. மெமரி இரண்டும் 'டக்' என்று பிடித்துக்கொண்டன. கார்டு ஒரு விரல்கடை மிச்சம் வைத்து உள்ளே அடங்கியது. பிராசஸர் மேல் ஃபேனை மாட்டி, கேபினட்டின் பக்க மூடியைச் சாத்தினாள்.

மூடி மூடவில்லை. மறுபடி அழுத்தினாள். ஃபேன் இரண்டு விரல் உயரமாக நின்றது. எல்லாவற்றுக்கும் நீளம் பார்த்தவள் இதற்கு உயரம் பார்க்க மறந்திருந்தாள்.

"எந்த வருஷத்து ஃபேன்?" என்று கேட்டான் லூக்காசி.

அறை முழுக்கச் சிரித்தது. அவளுக்குக் காது சுட்டது. சைமனி மூடியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் பட்டறைக்குப் போய்விட்டார்.

மூடி இல்லாமலே சுவிட்சைப் போட்டாள். ஃபேன்கள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது. போர்டின் மூலையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

அன்று முழுவதும் அவள் ஒவ்வொன்றையும் கழற்றிப் பூட்டினாள். புதன்கிழமையும் கறுப்புதான். லூக்காசி கேலியை நிறுத்திவிட்டான். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. வியாழக்கிழமை காலை அவன் ஹார்டு டிஸ்க்குகளைத் துணியில் சுற்றிப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தான்.

"உன் மேல தப்பில்ல ஆப்பியா. ஏதோ ஒண்ணு பழுது. மாத்தணும்னா, விமானத்துல வரவழைச்சாலும் நாளைக்குள்ள வராது."

"பழுது இல்ல" என்றாள் அவள். அந்த அறையில் அவள் சத்தமாகப் பேசியது அதுவே முதல் தடவை. "எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. போர்டு பழைய சரக்கு. கிடங்குல இது கெடந்தப்போ இந்த பிராசஸர் பொறக்கவே இல்ல. அதுக்கு இது யாருன்னு தெரியல. அறிமுகம் செஞ்சு வைக்கணும்."

"எப்படி? திரையே வரலையே."

"அதுக்குத்தான் பொத்தான்."

பையில் இருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். புது பிராசஸர்களின் விவரம் அடங்கிய ஃபைல் ஒன்றைப் போர்டு கம்பெனியின் இணையதளத்திலிருந்து ஜூன் மாதமே இறக்கி, அதற்கு அவர்கள் சொன்ன பெயரை எழுத்துப் பிசகாமல் வைத்திருந்தாள். நடுவில் பிசகினால் போர்டே போய்விடும் என்பதால், தேவைப்படாமல் போகட்டும் என்றுதான் மற்ற எல்லாம் பார்த்து முடியும் வரை அதை எடுக்காமல் இருந்தாள். பென் டிரைவைப் பின்னால் குறிப்பிட்ட துளையில் செருகிப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். பக்கத்தில் ஒரு விளக்கு மினுக்க ஆரம்பித்தது.

"இது நிக்கிற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது. கரண்ட் போனா போர்டு செத்துடும்."

வெளியே காற்று ஏறியிருந்தது. கூரை விளக்கு ஒரு முறை மங்கி மீண்டது. மேசைக்கடியில், அவள் பட்டியலில் சேர்த்திருந்த யுபிஎஸ் 'கீ' என்று ஒரு சத்தம் கொடுத்தது. சிறு விளக்கு மினுக்கியபடியே இருந்தது. சீல் குட்டி கனம் கனக்கிறது என்று லூக்காசி திட்டிக்கொண்டே தூக்கி வந்த அந்த யுபிஎஸ்தான் கரண்ட்டைத் தாங்கிப் பிடித்தது.

ஆறு நிமிடம் கழித்து மினுக்கல் நின்றது. ஆப்பியா சுவிட்சைப் போட்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. திரையில் எழுத்து வந்தது. பிராசஸரின் முழுப் பெயர், எண்ணோடு. அவள் பட்டியலில் எழுதியிருந்த அதே எண்.

லூக்காசி பையைத் திறந்து டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தான். "பொத்தான்காரி" என்றான். இந்தத் தடவை அது வேறு மாதிரி ஒலித்தது.

வெள்ளிக்கிழமை மதியம் சைமனி மூடியோடு வந்தார். நடுவில் சதுரமாக வெட்டி, பழைய படகின் அலுமினியத் தகட்டை ஒட்டகத் திமில் போலத் தட்டி வளைத்து ரிவெட் அடித்திருந்தார். காற்று போக வரிசையாகத் துளையும் போட்டிருந்தார். மூடி கச்சிதமாகச் சாத்திக்கொண்டது.

"வாங்குறதுக்கு முன்னாடி அளவெடுக்கணும் அம்மா" என்றார். "கடையில எல்லாருக்கும் சொல்றியே."

"உனக்கு வேலை வேணாமா மகனே?"

அவர் சிரித்தார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, திரையைத் துண்டுத் துணியால் ஒரு தடவை துடைத்தார்.

திரையில், பனிப்பாளத்தின் மேல் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. தூரத்தில் வால்ரஸ் ஒன்று தலை தூக்கி, மறுபடி முழுகியது. யாரும் எழுந்திருக்கவில்லை. படம் ஒரு இடத்திலும் திக்காமல் ஓடியது.

"இதுல எவ்வளவு வைக்கலாம்?" என்று ஆப்பியா கேட்டாள்.

"எவ்வளவு நேரம் காத்திருந்தோமோ, அவ்வளவு."

விமானம் ஓடுதளத்திலிருந்து கிளம்பிக் கூரைக்கு மேலே இரைந்துகொண்டு தெற்கே போனது. அறையில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. திரையில் தேநீர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.