பூட்டிய வீட்டில் குடித்தனம்

காலை ஒன்பதே காலுக்கு மாலதியின் கேஸ் அடுப்பு மும்பை மாட்டுங்காவில் ஒரு மூன்றாவது மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கூடவே சிலிண்டர், பாய், குடம், ஒரு மூட்டை அழுக்குத் துணி. எல்லாம் தாராவியிலிருந்து டாக்ஸியில். டாக்ஸிக்கு விஜயலக்ஷ்மி மாமி காசு கொடுத்தாள்.

"துணியைக் கொடியில போடு. அழுக்காவே போடு. குடும்பம் இருக்கற மாதிரி தெரியணும்."

அவள் கணவர் வெங்கடராமன் பீரோவை நகர்த்தி நடுக்கதவை மறைத்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் வசிக்கும் வீடு. இந்தப் பக்கம் நாலு வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு. நடுச்சுவரை இடித்துக் கதவு வைத்து ஒன்றாக்கியவை. காகிதத்தில் மட்டும் தனித்தனி. பூட்டியது அவர் பேரில், வசிப்பது அவள் பேரில். ஐந்நூறு சதுர அடிக்குள் இருந்தால் மும்பையில் சொத்து வரி இல்லை. ஒரே வீடு என்று தெரிந்தால் உண்டு. பத்து மணிக்கு மாநகராட்சியிலிருந்து அளக்க வருகிறார்கள்.

பூட்டிய வீட்டை வாரம் ஒருமுறை பெருக்குவது மாலதி. வெள்ளிக்கிழமை வாசலில் கோலமும் போடுவாள். ஆளில்லாத வீட்டுக்கும் லட்சுமி வர வேண்டுமாம்.

போன மாதம் அவள் கேட்டிருந்தாள். தாராவியில் அவள் குடியிருக்கும் அறையில் ஒரு தையல் மிஷின். மிஷின் இருந்தால் அது கடை, கடைக்கு வரி வரும், அதை நீ கட்டு, இல்லையென்றால் முப்பதாம் தேதி காலி பண்ணு என்று வீட்டுக்காரர் நயினார் சொல்லிவிட்டார்.

"பூட்டித்தான கெடக்கு மாமி. வாடகைக்கு எங்களுக்குத் தாங்களேன்."

"நம்மவாளுக்குத்தான் குடுக்கறதுன்னு பில்டிங்ல பேசி வெச்சிருக்கா. நீ நல்ல பொண்ணுதான். ஆனா கருவாட்டு வாசனை சுவத்துல ஏறிடும்."

"கருவாடு விக்குத வெலைக்கு, நாங்க ஆக்கியே ஆறு மாசமாச்சு மாமி."

மாமி சிரித்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

இன்று அதே மாமி அடுப்பைத் தானே மேடையில் தூக்கி வைத்தாள்.

"ஏதாவது கொதிக்க விடு. கேட்டா இங்கேதான் இருக்கோம்னு சொல்லு. சாயங்காலம் எடுத்துண்டு போயிடு. ஐந்நூறு ரூபா தரேன்."

"என்ன கொதிக்க விடட்டும்? கருவாடா?"

"வாயைப் பாரு."

பத்தேகாலுக்கு ஆள் வந்தார். அளந்தார். கொடியில் தொங்கிய பாவாடையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். இங்கே யார் இருக்கிறார்கள் என்று ஹிந்தியில் கேட்டார்.

"கிராயேதார் ஹை, ஸாப்." வெங்கடராமன் முந்திக்கொண்டார். "வாடகைக்கு விட்டிருக்கேன்" என்று மாலதிக்கும் புரியும்படி தமிழில் சொல்லிவைத்தார்.

மாலதி கரண்டியை வைத்துவிட்டு முன்னால் வந்தாள். தன் பேர், கணவன் வெயிலுமுத்துவின் பேர், மகள் கீதாவின் பேர், நாலு வருஷம் என்று நிறுத்தி நிறுத்தி ஹிந்தியில் சொன்னாள். அவர் எழுதினார். வெங்கடராமன் கீழே கையெழுத்துப் போட்டார். மாலதி போனை எடுத்து அந்தத் தாளைப் படம் பிடித்தாள். ஆள் நிற்கும்போது அவளைத் தடுக்க முடியவில்லை.

அவர் படியிறங்கியதும் மாமி கொடியிலிருந்த துணியை இரண்டு விரலால் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். மாலதி அதை வாங்கித் திரும்பவும் கொடியில் போட்டாள்.

"அது கெடக்கட்டும் மாமி. மாமாதான் கையெழுத்துப் போட்டுட்டாவள்லா. மாச வாடகை எவ்வளவுன்னு சொல்லுங்க?"